அடர்த்தி, எடை விழுக்காடு ஆகியவற்றிலிருந்து செறிவு கணக்கிடல்

ஒரு கரைசலின் அடர்த்தியும், அதில் கரைந்துள்ள பொருளின் எடை விழுக்காடும் தெரிந்திருக்கும்போது, அக்கரைசலின் ஒரு லிட்டரில் எத்தனை கிராம் அல்லது எத்தனை மோல் கரைபொருள் உள்ளது என்பதைக் கண்டறியும் முறையே அடர்த்தி, எடை விழுக்காடு ஆகியவற்றிலிருந்து செறிவு கணக்கிடல் ஆகும். வேதியியலில் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் கணக்கீடுகளுள் இதுவும் ஒன்று. ஆய்வகங்களிலும், சாயமிடுதல், உலோகத் தூய்மையாக்கம், உப்பு உற்பத்தி, நீர்ச் சுத்திகரிப்பு போன்ற தொழில்களிலும் இது நாள்தோறும் பயன்படுகிறது.

வணிக அமிலங்கள், காரங்கள் ஆகியவற்றின் கொள்கலன்களில் பெரும்பாலும் எடை விழுக்காடும் அடர்த்தியும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அவற்றைப் பயன்படுத்துவோர் எடை போடுவதில்லை; குவளையாலும் குடத்தாலும் குழாயாலும் கன அளவைக் கொண்டே அளக்கின்றனர். எடையில் சொல்லப்பட்ட அளவைக் கன அளவில் சொல்லப்பட்ட அளவாக மாற்றும் பாலமாக அடர்த்தி அமைகிறது. அடர்த்தியைக் கருதாமல் விடுவதே இக்கணக்கீட்டில் மிகுதியாக நேரும் பிழை ஆகும்.

தமிழ்நாட்டில் திருப்பூர்ப் பகுதியின் சாயப்பட்டறைகளும், அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைகளும் இக்கணக்கீட்டின் பயனை விளக்கப் பொருத்தமான எடுத்துக்காட்டுகள் ஆகும். அனுப்பர்பாளையம் திருப்பூரில் அவினாசி சாலையை ஒட்டி அமைந்துள்ள பகுதி. பின்னலாடைத் தொழில் சூழ்ந்த இவ்விடம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திர உற்பத்திக்குப் பெயர் பெற்றது.

அடிப்படைச் சொற்கள்

கரைபொருள்: கரைசலில் கரைந்திருக்கும் பொருள். உப்புக் கரைசலில் உப்பு கரைபொருள் ஆகும்.

கரைப்பான்: கரைபொருளைக் கரைக்கும் பொருள். இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் நீரே கரைப்பான்.

எடை விழுக்காடு: 100 கிராம் கரைசலில் உள்ள கரைபொருளின் கிராம் அளவு. 10 விழுக்காடு உப்புக் கரைசல் என்பது 10 கிராம் உப்பும் 90 கிராம் நீரும் சேர்ந்தது. 100 கிராம் நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தால் கிடைப்பது 110 கிராம் கரைசல். அதன் எடை விழுக்காடு 9.1 மட்டுமே.

அடர்த்தி: ஓரலகு கன அளவின் நிறை. ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்றோ, ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்றோ குறிக்கப்படும். இரண்டிலும் எண் மதிப்பு ஒன்றே.

ஒப்படர்த்தி: ஒரு பொருளின் அடர்த்திக்கும் நீரின் அடர்த்திக்கும் உள்ள விகிதம். இதற்கு அலகு இல்லை. நீரின் அடர்த்தி 4 பாகை செல்சியசில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் ஆதலால், பெரும்பாலான நடைமுறைக் கணக்குகளில் ஒப்படர்த்தியையே அடர்த்தியாகக் கொள்ளலாம்.

மோலார் நிறை: ஒரு மோல் பொருளின் நிறை. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இது 40.00 கிராம், சோடியம் குளோரைடுக்கு 58.44 கிராம்.

மோலாரிட்டி: ஒரு லிட்டர் கரைசலில் உள்ள கரைபொருளின் மோல் எண்ணிக்கை.

கணக்கிடும் முறை

ஒரு லிட்டர் கரைசலை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை, அடர்த்தியை 1000-ஆல் பெருக்கக் கிடைக்கும் கிராம் அளவு ஆகும். அந்த நிறையில் எடை விழுக்காட்டுப் பங்கு மட்டுமே கரைபொருள். எனவே,

ஒரு லிட்டரில் உள்ள கரைபொருள் (கிராம்) = 1000 × அடர்த்தி × எடை விழுக்காடு ÷ 100

இதனைச் சுருக்கினால்,

லிட்டருக்குக் கிராம் = 10 × எடை விழுக்காடு × அடர்த்தி

இதை மோலார் நிறையால் வகுத்தால் மோலாரிட்டி கிடைக்கும்.

மோலாரிட்டி = 10 × எடை விழுக்காடு × அடர்த்தி ÷ மோலார் நிறை

இங்கு அடர்த்தி, மில்லிலிட்டருக்குக் கிராம் என்னும் அலகில் இருத்தல் வேண்டும். லிட்டருக்குக் கிராம் என்னும் அலகில் அடர்த்தி தரப்பட்டிருந்தால், முதலில் அதனை 1000-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஆய்வகங்களில் பயன்படும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் எடை விழுக்காடு 37; அடர்த்தி 1.18. ஒரு லிட்டர் அமிலத்தின் நிறை 1180 கிராம். அதில் 37 விழுக்காடு, அதாவது 437 கிராம், ஹைட்ரஜன் குளோரைடு ஆகும். இதனை மோலார் நிறையான 36.46-ஆல் வகுத்தால் மோலாரிட்டி 12.0 எனக் கிடைக்கிறது.

அடர்த்தியை விடுவதால் நேரும் பிழை

37 விழுக்காடு என்பதை ஒரு லிட்டரில் 370 கிராம் என்று கொள்வது பரவலாகக் காணப்படும் தவறு. இவ்வாறு கொள்ளும்போது விழுக்காடு 100 கிராம் கரைசலுக்குரியது என்பது மறக்கப்பட்டு, 100 மில்லிலிட்டருக்குரியதாகக் கருதப்படுகிறது.

இப்பிழையின் அளவை எளிதில் அறியலாம். உண்மையான செறிவு, தவறாகக் கொண்ட செறிவைப் போல அடர்த்தி மடங்கு இருக்கும். அடர்த்தி 1.18 எனில் உண்மையில் உள்ளது 18 விழுக்காடு கூடுதல். அடர்த்தி 1.84 எனில் உண்மையில் உள்ளது 84 விழுக்காடு கூடுதல். அம்மோனியாக் கரைசலைப் போன்று நீரை விட இலேசான கரைசல்களில், உண்மையில் உள்ளது நினைத்ததை விடக் குறைவாக இருக்கும்.

மிக நீர்த்த கரைசல்களில் அடர்த்தி ஏறத்தாழ ஒன்று என்பதால் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. மருத்துவமனைகளில் பயன்படும் 0.9 விழுக்காடு உப்புக் கரைசல், 100 மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் என்னும் பொருளில் குறிக்கப்படுவது. அதனை எடை விழுக்காடாகக் கொண்டாலும் விடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் மாற்றம் வராது. நீர்த்த கரைசல்களில் பழகியவர்கள் அடர் கரைசல்களிலும் அதே வழக்கத்தைக் கைக்கொள்வதே பிழைக்குக் காரணமாகிறது.

சில வணிகக் கரைசல்கள்

பின்வரும் அட்டவணையில் உள்ள அடர்த்திகள் ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு உரியவை; இரு தசம இடங்களுக்குச் சுருக்கப்பட்டவை.

| கரைசல் | எடை விழுக்காடு | அடர்த்தி | லிட்டருக்குக் கிராம் | மோலாரிட்டி |
|---|---|---|---|---|
| ஹைட்ரோகுளோரிக் அமிலம் | 37 | 1.18 | 437 | 12.0 |
| கந்தக அமிலம் | 98 | 1.84 | 1803 | 18.4 |
| நைட்ரிக் அமிலம் | 70 | 1.41 | 987 | 15.7 |
| அசிட்டிக் அமிலம் | 99.7 | 1.05 | 1047 | 17.4 |
| அம்மோனியா | 28 | 0.90 | 252 | 14.8 |
| காஸ்டிக் சோடாக் கரைசல் | 48 | 1.51 | 725 | 18.1 |
| ஹைட்ரஜன் பெராக்சைடு | 50 | 1.20 | 600 | 17.6 |

இவற்றுள் காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பருத்தித் துணியை வெளுப்பதற்குப் பயன்படுகின்றன. அசிட்டிக் அமிலம் துணியில் எஞ்சும் காரத்தை நடுநிலையாக்கப் பயன்படுகிறது. எனவே இவ்வட்டவணையின் ஒரு பகுதி சாயப்பட்டறையின் இருப்பறைப் பட்டியலாகவும் அமைந்துள்ளது.

காஸ்டிக் சோடாக் கரைசலில் இப்பிழை எவ்வளவு பெரிது என்பதைக் காணலாம். 48 விழுக்காடு என்பதை லிட்டருக்கு 480 கிராம் எனக் கொண்டு அளந்து ஊற்றினால், உண்மையில் 725 கிராம் சேர்கிறது. தேவைக்கு மேல் பாதிப் பங்கு காரம் கூடுதலாகச் சேர்வதால், அதனை நடுநிலையாக்க அமிலமும் கூடுதலாகத் தேவைப்படும். காரமும் அமிலமும் வினைபுரிந்து உருவாகும் உப்பு முழுவதும் கழிவுநீரில் கலக்கும்.

நீர்த்த கரைசல் தயாரித்தல்

பித்தளை, செம்பு ஆகியவற்றை அடித்து உருவாக்கும்போது உலோகம் கடினமாகிவிடுவதால், இடையிடையே அதனைச் சூடாக்கி மென்மையாக்குவர். சூடாக்கும்போது மேற்பரப்பில் படியும் ஆக்சைடுப் படலத்தை நீர்த்த கந்தக அமிலத்தால் நீக்குவது உலோகத் தொழிலில் பொதுவான வழக்கம். அனுப்பர்பாளையம் போன்ற பாத்திரத் தொழில் நடைபெறும் இடங்களுக்குப் பொருந்தும் வகையில், 98 விழுக்காடு கந்தக அமிலத்திலிருந்து 10 விழுக்காடு அமிலக் கரைசல் 10 கிலோகிராம் தயாரிக்கும் கணக்கு கீழே தரப்படுகிறது.

1. தேவையான தூய அமிலத்தின் நிறை: 10 கிலோகிராமில் 10 விழுக்காடு, அதாவது 1.00 கிலோகிராம்.
2. 98 விழுக்காடு அமிலத்தின் நிறை: 1.00 ÷ 0.98 = 1.02 கிலோகிராம்.
3. அதன் கன அளவு: 1.02 ÷ 1.84 = 0.555 லிட்டர்.
4. தேவையான நீர்: 10.00 − 1.02 = 8.98 கிலோகிராம், ஏறத்தாழ 8.98 லிட்டர்.

10 விழுக்காடு கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.066. எனவே 10 கிலோகிராம் கரைசலின் கன அளவு 9.38 லிட்டர் ஆகும். ஆனால் சேர்த்த அமிலத்தின் கன அளவையும் நீரின் கன அளவையும் கூட்டினால் 9.53 லிட்டருக்கு மேல் வருகிறது. இவ்வேறுபாடு கணக்குப் பிழையன்று. கலக்கும்போது நிறை மாறுவதில்லை. கன அளவு மாறுகிறது. இவ்வாறே 50 மில்லிலிட்டர் எத்தனாலும் 50 மில்லிலிட்டர் நீரும் கலந்தால் 100 மில்லிலிட்டர் கிடைப்பதில்லை. 96 முதல் 97 மில்லிலிட்டர் வரையே கிடைக்கிறது. ஆகவே கலவைக் கணக்குகளில் நிறைகளைக் கூட்டலாம். கன அளவுகளைக் கூட்டுதல் கூடாது.

அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால், வெளிப்படும் வெப்பத்தால் நீர் கொதித்து அமிலம் தெறிக்கும். திண்மக் காஸ்டிக் சோடாவை நீரில் கரைக்கும்போதும் மிகுந்த வெப்பம் வெளிப்படும். கண்ணாடியும் கையுறையும் அணிதல் இரண்டுக்கும் இன்றியமையாதது.

திரவமானியும் அதன் அளவுகோல்களும்

ஒரு கரைசலின் அடர்த்தியை விரைவாக அளக்க உதவும் கருவி ஹைட்ரோமீட்டர் எனப்படும் திரவமானி ஆகும். இது அடியில் எடை பொருத்தப்பட்ட கண்ணாடிக் குழாய். ஆர்க்கிமிடீசின் தத்துவப்படி, மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீர்மத்தை விலக்கும். எனவே அடர்த்தி மிகுந்த நீர்மத்தில் திரவமானி குறைவாகவும், அடர்த்தி குறைந்த நீர்மத்தில் ஆழமாகவும் அமிழும்.

தொழிற்சாலைகளில் பயன்படும் திரவமானிகளில் அடர்த்திக்குப் பதிலாக வேறு அளவுகோல்கள் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

போமே அளவுகோல்: பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே 1768-இல் உருவாக்கியது. தூய நீரில் 0 எனவும், 15 விழுக்காடு உப்புக் கரைசலில் 15 எனவும் காட்டுமாறு இது முதலில் வகுக்கப்பட்டது. நீரை விடக் கனமான நீர்மங்களுக்கு இன்று வழங்கும் வாய்பாடுகளுள் ஒன்று: ஒப்படர்த்தி = 145 ÷ (145 − போமே பாகை).

டுவாடல் அளவுகோல்: பிரித்தானிய நெசவு, சாயத் தொழில்களின் வழியாகப் பரவியது. இதில் ஒவ்வொரு பாகையும் ஒப்படர்த்தியில் 0.005 ஆகும். ஒப்படர்த்தி = 1 + (டுவாடல் பாகை ÷ 200).

இவ்விரண்டும் செறிவை நேரடியாகக் காட்டுவன அல்ல; அடர்த்தியையே வேறு எண்களில் காட்டுகின்றன. பாகையை அடர்த்தியாக மாற்றி, அந்த அடர்த்திக்குரிய எடை விழுக்காட்டை அப்பொருளுக்கான அட்டவணையில் கண்டு, பின்னர் பத்தால் பெருக்கும் வாய்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். சோடியம் குளோரைடுக்கான மதிப்புகள், 20 பாகை செல்சியசில், பின்வருமாறு:

| எடை விழுக்காடு | அடர்த்தி | போமே (ஏறத்தாழ) | டுவாடல் (ஏறத்தாழ) | லிட்டருக்குக் கிராம் |
|---|---|---|---|---|
| 5 | 1.034 | 4.8 | 6.8 | 52 |
| 10 | 1.071 | 9.6 | 14.2 | 107 |
| 15 | 1.109 | 14.2 | 21.8 | 166 |
| 20 | 1.148 | 18.7 | 29.6 | 230 |
| 25 | 1.189 | 23.0 | 37.8 | 297 |

உப்புக் கரைசலில் போமே பாகையும் எடை விழுக்காடும் ஏறத்தாழ ஒத்திருப்பதற்கு, அளவுகோல் உப்புக் கரைசலைக் கொண்டு வகுக்கப்பட்டதே காரணம். பிற பொருள்களுக்கு இது பொருந்தாது. 30 போமே காட்டும் காஸ்டிக் சோடாக் கரைசலின் ஒப்படர்த்தி 1.26, அதன் எடை விழுக்காடு 30 அன்று, ஏறத்தாழ 24 மட்டுமே. ஒரு லிட்டரில் உள்ள காரம் ஏறத்தாழ 300 கிராம். பருத்தி நூலுக்குப் பளபளப்பும் வலிமையும் ஊட்டும் மெர்சரைசிங் முறையில் இவ்வளவு செறிவுள்ள காரமே பயன்படுகிறது. இம்முறைக்கு ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை பெற்றார்.

தூத்துக்குடி, வேதாரண்யம் முதலிய இடங்களின் உப்பளங்களிலும் போமே அளவே வழங்குகிறது. கடல்நீர் ஏறத்தாழ 3 முதல் 3.5 பாகை காட்டும். வெயிலில் வற்றி 25 பாகையை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்குகிறது.

திருப்பூர் சாயப்பட்டறைகளில் இக்கணக்கீடு

பருத்திப் பின்னல் துணிக்குச் சாயமேற்றப் பெரும்பாலும் வினைபுரி சாயங்கள் பயன்படுகின்றன. நீரில் பருத்தி இழையும் சாயமும் எதிர்மின் தன்மை கொண்டு ஒன்றையொன்று விலக்குவதால், சாயத்தை இழையை நோக்கிச் செலுத்த உப்பு சேர்க்கப்படுகிறது. சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட் இதற்குப் பயன்படும். நிறத்தின் ஆழத்தைப் பொறுத்து ஒரு லிட்டர் நீருக்குப் பல பத்துக் கிராம் உப்பு தேவைப்படும். பின்னர் சோடா ஆஷ் போன்ற காரம் சேர்க்கப்பட்டு, சாயம் இழையுடன் வேதிப் பிணைப்பால் நிலைபெறுகிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது, உப்பு இவ்வினையில் செலவழிவதில்லை என்பதாகும். சாயம் துணியில் தங்கிவிடுகிறது. சேர்த்த உப்பு முழுவதும் நீருடன் வெளியேறுகிறது. 100 கிலோகிராம் துணிக்கு 800 லிட்டர் நீர் எனவும், லிட்டருக்கு 60 கிராம் உப்பு எனவும் கொண்டால், தொட்டியில் சேரும் உப்பு 48 கிலோகிராம். வெளியேறும் உப்பும் அதே 48 கிலோகிராம் ஆகும்.

லிட்டருக்கு 60 கிராம் என்பது 60,000 மில்லிகிராம். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் கரைந்துள்ள திண்மங்களுக்குத் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட எல்லை லிட்டருக்கு 2100 மில்லிகிராம். சாயத்தொட்டி நீரின் ஒரு லிட்டரை இந்த எல்லைக்குள் கொண்டுவர, அதனை உப்பற்ற நீரால் ஏறத்தாழ 29 லிட்டராகப் பெருக்க வேண்டியிருக்கும். சாயத்தின் நிறத்தையும் கரிமப் பொருள்களையும் நீக்கும் வழக்கமான சுத்திகரிப்பு முறைகள் கரைந்த உப்பை நீக்குவதில்லை.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் நொய்யல் ஆறு இவ்வுப்பைப் பல ஆண்டுகள் சுமந்தது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர் தேங்கும் இடமாக மாறியது. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்ற நிலையை எட்டுமாறு சாய, சலவைப் பட்டறைகளுக்கு ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதனை உறுதி செய்தது. அந்நிலையை எட்டாத பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28-இல் ஆணையிட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடுகளைச் செய்த பட்டறைகள் பின்னர் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

பூஜ்ய வெளியேற்ற முறையில் கழிவுநீர் முதலில் எதிர் சவ்வூடு பரவல் மூலம் பிரிக்கப்படுகிறது. நல்ல நீர் மீண்டும் பட்டறைக்குச் செல்கிறது. எஞ்சும் அடர் உப்பு நீர், ஆவியாக்கிகளில் மேலும் செறிவாக்கப்படுகிறது அல்லது தூய்மையாக்கப்பட்டு மீண்டும் சாயமேற்றப் பயன்படுகிறது. இவ்வாறு மூட்டையாக வந்த உப்பின் இடத்தை உப்புக் கரைசல் எடுத்துக்கொண்டபோது, எடை போடும் வேலை, கன அளவை அளக்கும் வேலையாக மாறியது. அடர்த்திக் கணக்கு இன்றியமையாததாயிற்று.

மேற்கண்ட தொட்டிக்கு 25 விழுக்காடு சோடியம் குளோரைடு கரைசலிலிருந்து 48 கிலோகிராம் உப்பைச் சேர்ப்பதாகக் கொள்வோம்.

சரியான கணக்கு: ஒரு லிட்டரில் உள்ள உப்பு 10 × 25 × 1.189 = 297 கிராம். தேவையான கரைசல் 48,000 ÷ 297 = 162 லிட்டர். இதனுடன் நீர் சேர்த்து மொத்தத்தை 800 லிட்டர் குறி வரை நிரப்ப வேண்டும்.

தவறான கணக்கு: 25 விழுக்காட்டை லிட்டருக்கு 250 கிராம் எனக் கொண்டால், 48,000 ÷ 250 = 192 லிட்டர் ஊற்றப்படும். அதில் உண்மையில் உள்ள உப்பு 57 கிலோகிராம். தொட்டியின் செறிவு 60-க்குப் பதிலாக 71 ஆகிவிடும்.

மிகை உப்பினால் சாயம் விரைந்தும் சீரற்றும் ஏறக்கூடும். சாய மூலக்கூறுகள் நீரிலேயே ஒன்றுதிரளவும் கூடும். கூடுதலாகச் சேர்ந்த 9 கிலோகிராம் உப்பும் மீண்டும் சுத்திகரிப்பு நிலையத்துக்கே செல்கிறது. அதனை மீட்க எரிபொருளும் மின்சாரமும் செலவாகின்றன.

கவனிக்க வேண்டியவை

வெப்பநிலை: சூடான கரைசல் விரிவடைவதால் அதன் அடர்த்தி குறையும். 10 விழுக்காடு உப்புக் கரைசலின் அடர்த்தி 20 பாகை செல்சியசில் 1.071, 60 பாகையில் ஏறத்தாழ 1.052. சூடான கரைசலில் திரவமானியை இட்டு, கிடைத்த மதிப்பை 20 பாகைக்கான அட்டவணையில் தேடினால், 7.5 விழுக்காடு எனத் தவறான விடை கிடைக்கும். மாதிரியை ஆறவைத்து அளப்பதே முறை.

பல கரைபொருள்கள்: அடர்த்தி, கரைந்துள்ள எல்லாப் பொருள்களின் கூட்டு விளைவு. லிட்டருக்கு 60 கிராம் உப்பும் 20 கிராம் சோடா ஆஷும் உள்ள நீரை உப்புக் கரைசல் மட்டுமே எனக் கொண்டு அளந்தால், உப்பு ஏறத்தாழ 90 கிராம் எனக் காட்டும். எனவே காரம் சேர்ப்பதற்கு முன்பே உப்பின் செறிவை அளத்தல் வேண்டும், அல்லது தரம்பார்த்தல் மூலம் ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டறிதல் வேண்டும்.

படிக நீர்: கிளாபர் உப்பு என்னும் பெயர் பத்து மூலக்கூறு நீர் கொண்ட சோடியம் சல்பேட் படிகத்துக்கு உரியது. அதன் மோலார் நிறை 322.2; நீரற்ற சோடியம் சல்பேட்டின் மோலார் நிறை 142.04. எனவே 100 கிலோகிராம் படிகத்தில் உள்ள சோடியம் சல்பேட் 44 கிலோகிராம் மட்டுமே. நீரற்ற உப்பும் சில இடங்களில் இதே பெயரால் வழங்குவதால், எந்த வடிவம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சிதைவு: ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பில் மெல்லச் சிதைவடையும். கொள்கலனில் குறித்த விழுக்காடு நிரப்பிய நாளுக்கு உரியது. நெடுநாள் இருந்த கரைசலைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் தரம்பார்த்து அறிதல் நலம்.

மில்லியனில் பங்கு: மில்லியனில் இத்தனை பங்கு என்பது நிறைக்கு நிறை அளவு. அது லிட்டருக்கு மில்லிகிராம் என்பதற்குச் சமமாவது அடர்த்தி ஒன்றாக உள்ளபோது மட்டுமே. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. ஒரு லிட்டர் கடல்நீரிலோ ஏறத்தாழ 35.9 கிராம்.

பிற செறிவு அலகுகளாக மாற்றுதல்

மோலாலிட்டி: ஒரு கிலோகிராம் கரைப்பானில் உள்ள கரைபொருளின் மோல் எண்ணிக்கை. இதனைக் கணக்கிட அடர்த்தி தேவையில்லை.

மோலாலிட்டி = 1000 × எடை விழுக்காடு ÷ [மோலார் நிறை × (100 − எடை விழுக்காடு)]

10 விழுக்காடு உப்புக் கரைசலுக்கு இது 1.90 ஆகும். அதே கரைசலின் மோலாரிட்டி 1.83. வெப்பநிலை மாறும்போது கரைசல் விரிவடைவதால் மோலாரிட்டி மாறும், மோலாலிட்டி மாறாது.

நார்மாலிட்டி: மோலாரிட்டியை ஒரு மோலில் உள்ள சமான எண்ணிக்கையால் பெருக்கக் கிடைப்பது. கந்தக அமிலம் இரு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால் 18.4 மோலாரிட்டி கொண்ட அமிலத்தின் நார்மாலிட்டி 36.8 ஆகும்.

நீர்த்தல் வாய்பாடு: முதல் செறிவு × முதல் கன அளவு = இறுதிச் செறிவு × இறுதிக் கன அளவு. மோலாரிட்டிக்கும், லிட்டருக்குக் கிராம் என்னும் அலகுக்கும் இது பொருந்தும். எடை விழுக்காட்டை இவ்வாய்பாட்டில் கன அளவுடன் சேர்த்துப் பயன்படுத்துதல் கூடாது. எடை விழுக்காட்டுடன் நிறையையே பயன்படுத்த வேண்டும். 12.0 மோலாரிட்டி கொண்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து ஒரு மோலாரிட்டி கொண்ட கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்க, 83 மில்லிலிட்டர் அமிலத்தை நீரில் ஊற்றிக் கலந்து, ஆறிய பின் ஒரு லிட்டர் குறி வரை நீர் சேர்க்க வேண்டும்.

அடர்த்தி தரப்படாதபோது

அடர்த்தி தெரியாத கரைசலுக்குத் திரவமானி இல்லாமலும் அதனைக் கண்டறியலாம். 100 மில்லிலிட்டர் திட்டக் குடுவையை வெறுமையாக எடைபோட்டு, பின்னர் கரைசலைக் குறி வரை நிரப்பி எடைபோட வேண்டும். இரு எடைகளின் வேறுபாட்டை 100-ஆல் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். எடுத்துக்காட்டாக, வேறுபாடு 114.8 கிராம் எனில் அடர்த்தி 1.148. கரைசலில் உள்ளது சோடியம் குளோரைடு மட்டுமே எனில், மேலுள்ள அட்டவணைப்படி அது 20 விழுக்காடு கரைசல். ஒரு லிட்டரில் உள்ள உப்பு 230 கிராம் ஆகும்.

இவற்றையும் பார்க்க

- அடர்த்தி
- கரைசல்
- மோல்
- தரம்பார்த்தல்
- எதிர் சவ்வூடு பரவல்
- நொய்யல் ஆறு
- திருப்பூர்